தண்ணித்தொட்டி வளைவில் தேங்காயெண்ணெய் வாசனை

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியது இல்லை. என் வீட்டுக்கு எதிரே வந்து விழுந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, ரோஸ்மேரியின் மகன் எல்வின் தன் புது சைக்கிளோடு தண்ணித்தொட்டி வளைவில் தேயிலைக்குள் பாய்ந்தான். வாயில் நுரையோடு ஓடினேன். உயிரோடு இருந்தான். அதனால்தான் இதை என்னால் எழுத முடிகிறது. அப்படி இல்லாமல் போயிருந்தால் நான் பேனாவையே தொட்டிருக்க மாட்டேன். ஆகவே இதை ஒரு நன்றிக் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு நன்றி என்பதில்தான் சிக்கல்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து டீக்கடையில் கல்லாவில் நிற்கிறேன். சுற்றுலா வருகிறவர்கள் தேயிலைச் சரிவைப் படம் எடுப்பார்கள், டீ குடிப்பார்கள், ஸ்ட்ராபெரி ஜாம் தடவிய ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டியைத் தின்பார்கள், போய்விடுவார்கள். அந்த ஸ்கோனைச் சுடுகிறவர் ரோஸ்மேரி. எனக்கு ரோசக்கா. வேன் வராத நேரத்தில் நான் கதை எழுதுவேன். எழுதி முடித்ததும் பின்கட்டு சமையலறைக்குப் போய்ப் படித்துக் காட்டுவேன். அவர் மாவு பிசைந்துகொண்டே கேட்பார்.

ரோசக்கா கேட்காத கதை அச்சுக்குப் போகாது. இது எங்களுக்குள் உள்ள சட்டம். ஒருமுறை ஒரு கதையில் பெரிய வெள்ளிக்கிழமை அன்று கோயிலில் பூசை நடப்பதாக எழுதி, அவரிடம் காட்டாமல் அனுப்பிவிட்டேன். அச்சிலும் வந்துவிட்டது. அன்றைக்கு மாதா கோயிலில் பூசையே கிடையாதாம். "பெரிய வெள்ளிக்குப் பூசை வச்ச மொத ஆளு நீதான்டி. போப்பாண்டவருக்கே தெரியாது" என்று ஒரு மாதம் ஓட்டினார். அதற்குப் பிறகு ஒரு கமா கூட அவர் காதில் விழாமல் வெளியே போனதில்லை.

(இந்தச் சட்டத்தை நினைவில் வையுங்கள். பின்னால் எனக்கு வரப்போகும் தலைவலி இதனால்தான்.)

இன்னொன்று. இதில் வரும் ஆட்களின் பெயர்களில் ஒன்றே ஒன்றுதான் நிஜம். மற்றதெல்லாம் நான் வைத்தவை. எது நிஜம் என்று முடிவதற்குள் தெரிந்துவிடும்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"மூடுபனி இறங்கிய தேயிலைச் சரிவில், வெள்ளியாய் மின்னிய ஒரு சைக்கிள்"

(அடச்சே. பனி இல்லாமல் இந்த மலையைப் பற்றி ஒரு வரி எழுத வராதா எனக்கு? அன்றைக்குச் சுள்ளென்று வெயில். அதோடு அவன் சைக்கிள் டைட்டானியம்; அது வெள்ளி மாதிரி மின்னாது. தேய்த்துத் தேய்த்துப் பழசான ஈயச் சட்டி மாதிரி மங்கலாக இருக்கும்.)

இரண்டாம் முயற்சி:

"டைட்டானியம் எஃகைவிட இலேசானது, துருப்பிடிக்காதது, எத்தனை குலுங்கினாலும் களைக்காதது. அதன் சிறப்பியல்புகளாவன"

(பள்ளிக்கூடக் கட்டுரை. வாத்தியார் பத்துக்கு ஆறு போடுவார். வேண்டாம்.)

மூன்றாம் முயற்சி:

"பெண் பார்ப்பது போல அவன் சைக்கிளுக்கு"

(இது என் வரி இல்லை, ரோசக்கா சொன்னது. திருடுவதற்குப் பதில் அவரையே பேச விடலாம்.)

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாருடான்னா, இவன் சைக்கிளுக்கு சாமான் பாக்கறான் ஈஸ்வரி. விடிஞ்சா போனு, படுத்தா போனு. ஒரு ஸ்குரூ வாங்கறதுக்கு ஒரு வாரம் யோசிக்கறான்லா!"

ஆம். இப்படித்தான் தொடங்க வேண்டும்.

3

எல்வின் கம்போங் ராஜாவில் காய்கறிக் குளிர்சாதன அறைகளைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். சைக்கிளின் சட்டம், அதாவது ஃப்ரேம், சீனாவிலிருந்து நீளமான அட்டைப்பெட்டியில் வந்தது. ஹாலில் வைத்துப் பிரித்தான். நானும் எட்டிப் பார்க்கப் போயிருந்தேன். குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் பற்றவைப்பு, அடுக்கிய சில்லறையைச் சாய்த்துவிட்ட மாதிரி வரிவரியாக இருந்தது. எல்வின் அதைத் தடவித் தடவிப் பார்த்தான். ரோசக்கா அவனையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னாடா, பெயிண்டு அடிக்க மறந்துட்டானுங்களா?"

"டைட்டானியத்துக்குப் பெயிண்டு வேணாம்மா. மழையில போட்டாலும் துருப் புடிக்காது."

"எஞ் சட்டி கூடத்தான் துருப் புடிக்காது. அதுமேல ஏறி உக்காந்து பிரிஞ்சாங் வரைக்கும் போவியா?"

இந்தப் பையனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கதாபாத்திரமாகச் சொல்கிறேன். ரொம்ப அமைதி. கோபம் வராது, பேச்சும் அதிகம் இல்லை. கதையில் இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் அவனுக்கு ஜேசன் என்று ஒரு நண்பனை உண்டாக்கினேன். வாயாடி, சைக்கிள் மெக்கானிக், நக்கல் பிடித்தவன். மூன்று பக்கம் எழுதிப் பார்த்தேன். அவன் வந்ததும் எல்வின் இன்னும் ஊமையாகிவிட்டான். ஜேசனைத் தூக்கிவிட்டேன். மன்னித்துக்கொள் ஜேசன், வேறு கதையில் பார்ப்போம்.

சாமான்கள் ஒவ்வொன்றாக வந்தன. முன் கவை, சக்கரம், சங்கிலி, கைப்பிடி. இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஸ்டாண்டில் சைக்கிள் தொங்கியது. போதுமான அளவுக்கு இறுகியதும் 'டக்' என்று சொல்லும் ஒரு ஸ்பானர் வைத்திருந்தான். அந்த 'டக்' கேட்கும்போதெல்லாம் ரோசக்கா ஜெபமாலையை நிறுத்திவிட்டு, "என்னா ஒடஞ்சிச்சு?" என்பார்.

ஒருவழியாகச் சைக்கிள் ஓடியது. ஏற்றத்தில் பறந்தது. இறக்கத்தில்தான் பிரச்சினை. சக்கரத்தின் நடுவில் மெல்லிய எஃகுத் தட்டு ஒன்று சுற்றும். பிரேக் பிடித்தால் இரண்டு பக்கமும் இரண்டு சின்ன பேடுகள் அந்தத் தட்டைக் கவ்வும். அதற்குப் பெயர் டிஸ்க் பிரேக். எல்வின் முதலில் போட்டது கம்பி இழுத்துக் கவ்வுகிற வகை. எங்கள் மலையில் இறக்கம் என்றால் நாலு வளைவோடு முடிகிற இறக்கமா? "புடிச்சிப் புடிச்சி வெரலு மரத்துப் போவுது ஆன்ட்டி" என்றான். கம்பியை எடுத்துவிட்டு எண்ணெய் பிரேக் போட முடிவு செய்தான்.

எண்ணெய் பிரேக்கில் கம்பி கிடையாது. மெல்லிய குழாய்க்குள் எண்ணெய் நிரப்பியிருக்கும். பிரேக்கை அழுத்தினால் அந்த எண்ணெய் போய் பேடுகளைத் தள்ளும். குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழ் கூட இருக்கக் கூடாது. அதற்காக ஊசிக்குழாய் வைத்து எண்ணெயை ஏற்றி, குமிழை விரட்ட வேண்டும். அந்தச் சனிக்கிழமை நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"சைக்கிளுக்கு ஊசி போடறத இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார் ரோசக்கா.

"எண்ணெ ஏத்தறேம்மா. இந்த பிரேக்கு எண்ணெயிலதான் வேலை செய்யும்."

அந்த ஒரு வாக்கியத்தை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். சக்கரத்தைச் சுற்றிப் பிரேக்கைத் தொட்டான். புது பேடு லேசாகக் கீச்சிட்டது. "கீச்சு கீச்சுன்னு கத்துதே" என்றார் ரோசக்கா. "பழகுனா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு எல்வின் கை கழுவப் போனான்.

4

எண்ணெயைப் பற்றி எழுதாமல் இந்தக் கதையைத் தாண்ட முடியாது. தாண்டப் பார்த்தேன்.

ரோசக்கா வீட்டுப் பீடத்தில் ஒரு சின்னக் குப்பியில் மந்திரித்த தேங்காயெண்ணெய் எப்போதும் இருக்கும். வேளாங்கண்ணிக்குப் போகிற சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பது. அந்த வீட்டிலிருந்து புறப்படுகிற எந்தச் சக்கரமும் அந்த எண்ணெய் படாமல் புறப்படாது. எல்வினின் பழைய மோட்டர் சைக்கிளுக்கு இத்தனை வருடமாகக் கைப்பிடியிலும் சக்கரத்திலும் சிலுவை போட்டுப் பூசியிருக்கிறார். அதற்கு ஒன்றும் ஆனதில்லை. அந்த மோட்டரின் பிரேக் சக்கரத்தின் வயிற்றுக்குள் மூடிக் கிடக்கிறது, எண்ணெய் எட்டாது.

ஏன் இந்தப் பழக்கம் என்று அவர் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறார். அவர் கணவர் அமல்தாஸ் லோரி ஓட்டினார். லெம்பா பெர்த்தாமில் கோஸ் ஏற்றிக்கொண்டு தாப்பா பக்கம் இறங்குவார். ஒரு நாள் இறக்கத்தில் பிரேக் போய்விட்டது. அன்றைக்குக் காலையில் எல்வினுக்குக் காய்ச்சல். கைக்குழந்தை. ரோசக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினார். லோரிக்கு எண்ணெய் பூசவில்லை.

"அன்னிக்கு ஒரு நாளுதான்டி மறந்தேன்" என்றார். அப்போது அடுப்பில் ஸ்கோன் வெந்துகொண்டிருந்தது. அது கருகிய வாசனை வந்த பிறகுதான் இரண்டு பேரும் எழுந்தோம்.

(இந்தப் பத்தியை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அவ்வளவு காலமாக ஒரு மனுஷி அதைச் சுமந்துகொண்டு எப்படி மாவு பிசைகிறார் என்று எனக்குப் புரிவதே இல்லை.)

அந்த ஞாயிற்றுக்கிழமை, எல்வின் உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தபோது, ரோசக்கா குப்பியை எடுத்தார். பிரேக்தான் முக்கியம். இந்தப் பிரேக் எண்ணெயில்தான் வேலை செய்யும் என்று மகனே சொல்லியிருக்கிறான். போதாக்குறைக்குக் கீச்சிடவும் செய்கிறது. முன் தட்டில் ஒரு சிலுவை, பின் தட்டில் ஒரு சிலுவை. பேடு இருக்கும் இடத்தில் இரண்டு சொட்டு, தாராளமாக. ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம்.

அவர் யோசித்ததில் எங்கே தப்பு, சொல்லுங்கள்? நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். நான் என்றால் எலுமிச்சம்பழமும் சேர்த்து வைத்திருப்பேன்.

5

எல்வின் புறப்பட்டான். லைன் வீடுகளைத் தாண்டியதும் பிரேக்கைத் தொட்டுப் பார்த்தான். பிடி குறைவு. புது பேடு முதலில் அப்படித்தான் இருக்கும், நாலு தடவை பிடித்தால் பழகிவிடும் என்று நினைத்தான். அங்கிருந்து இறக்கம்.

நான் முதலில் கேட்டது சத்தத்தை. இரும்புக் கேட்டைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு யாரோ ஓடுகிற மாதிரி ஒரு அலறல். நிமிர்ந்தால் எல்வின். இரண்டு கையும் பிரேக்கில், முகம் வெளுத்து, வேகம் குறையாமல். எதிரே ஏற்றத்தில் ஒரு சுற்றுலா வேன் திணறிக்கொண்டு வருகிறது. வலது பக்கம் தண்ணித்தொட்டியின் சிமெண்டுச் சுவர். இடது பக்கம் தேயிலை. அவன் தேயிலையைத் தேர்ந்தெடுத்தான்.

இங்கே ஒரு நன்றி சொல்லியாக வேண்டும். அந்தச் சரிவில் போன மாதமே கவ்வாத்து வெட்டியிருக்க வேண்டும். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு மொட்டையாக வெட்டிவிடுவது. வெட்டிய மரம் ஈட்டி ஈட்டியாக நிற்கும். கவ்வாத்து மெஷின் பழுதாகி வேலை தள்ளிப்போனது. மேனேஜர் அதற்காகக் கத்திய கத்தல் டீக்கடை வரைக்கும் கேட்டது. அந்த மெஷின் நல்லபடியாக இருந்திருந்தால், தளதளவென்று நின்ற அந்த இலை மெத்தை இருந்திருக்காது. பழுதான மெஷினே, நீ எங்கே கிடந்தாலும் நன்றாக இரு.

வேன் டிரைவர் குதித்து ஓடிவந்தார். மலாய்க்காரர். "ஆடிக், ஓகே தாக்? ஓகே தாக்?" என்று, தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லையே எனக் கேட்டுக்கொண்டே என்னோடு சேர்ந்து அவனைத் தூக்கினார். முழங்கையிலும் முழங்காலிலும் சிராய்ப்பு, கன்னத்தில் ஒரு கீறல். எலும்பு முழுசாக இருந்தது. சைக்கிளுக்கு ஒரு கோடு கூட விழவில்லை. டிரைவர் தன் தண்ணீர் பாட்டிலை அவன் கையில் திணித்துவிட்டு, வேனில் இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் பெயரைக் கேட்கவில்லை. அவருக்கும் ஒரு நன்றி.

அப்போதுதான் வாசனை வந்தது. சூடான தட்டிலிருந்து மெல்லிய புகை. அப்பளம் பொரித்த சட்டியை இறக்கி வைத்த மாதிரி.

"ஆன்ட்டி, என்னா வாசன இது?"

"தேங்காயெண்ணெ" என்றேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேலே, அவர்கள் வீட்டைப் பார்த்தோம். பிறகு எல்வின் தேயிலைக்குள் உட்கார்ந்தபடியே சிரிக்கத் தொடங்கினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மாகிட்ட சொல்லிறாதீங்க ஆன்ட்டி. தாங்க மாட்டாங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. (இது வக்கீல் பேச்சு. எனக்கே தெரியும்.)

6

ரோசக்கா அலறிக்கொண்டு இறங்கி வந்தார். மகனைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தார். இரண்டு அறை கொடுத்தார், கட்டிக்கொண்டார், மறுபடியும் ஒரு அறை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா ஈஸ்வரி! எண்ணெ பூசி அனுப்புனேன், அதான் புள்ள முழுசா நிக்கறான். இல்லன்னா என்னா ஆயிருக்கும்?"

நான் எல்வினைப் பார்த்தேன். எல்வின் தேயிலையைப் பார்த்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு நன்றிப் பூசை சொல்லியாகிவிட்டது. அதோடு நின்றதா? "பூசை முடிஞ்சதும் சைக்கிளுக்கு நல்லா பூசிடணும். அன்னிக்கு ரெண்டு சொட்டுதான் விட்டேன். இந்தத் தடவ கொஞ்சம் கூடவே ஊத்தறேன்."

அன்று சாயந்திரமே எல்வினைப் பிடித்தேன்.

"தட்ட ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சிடலாம் ஆன்ட்டி. பேடுதான் பிரச்சன. எண்ணெய குடிச்சிடும். குடிச்சிட்டா தூக்கிப் போட வேண்டியதுதான். புதுசு சொல்லியிருக்கேன், வந்துரும். அம்மா பூசட்டும். அவங்க அந்தாண்ட போனதும் நா மாத்திக்கறேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ம்."

"எது வரைக்கும்டா?"

"அவங்க இருக்கற வரைக்கும்."

இவனைத்தான் நான் கதாபாத்திரமாகத் தேறமாட்டான் என்று சந்தேகப்பட்டேன். என் புத்தியை என்ன சொல்ல.

"ஒரு நாளு நீ பாக்காம அவங்க பூசி, நீ பாக்காம ஏறிட்டீன்னா?" என்று கேட்டேன். அதற்குப் பதில் கிடையாது என்பதுதான் இந்தக் கதையின் முடிச்சு. சொன்னால் ரோசக்காவிடம் மிச்சம் இருக்கிற ஒரே காவல் போய்விடும். சொல்லாவிட்டால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே கவ்வாத்து முடிந்திருக்கும்.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: எல்வின் சைக்கிளை விற்றுவிடுகிறான். (இதை எழுதும்போது என் கையே ஒத்துழைக்கவில்லை. பிள்ளை எவ்வளவு ஆசையாகச் சேர்த்தது!)

முடிவு ஆ: எண்ணெயைச் சட்டத்தில் பூசச் சொல்வது. டைட்டானியத்துக்கு எண்ணெயும் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். இதைக் காகிதத்தில் மட்டும் எழுதிப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை நேரிலேயே சொல்லிப் பார்த்தேன். "அக்கா, ஃப்ரேமுக்குப் பூசுங்களேன். அதுதான சைக்கிளுக்கு முதுகெலும்பு?" ரோசக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஃப்ரேமாடி வண்டிய நிறுத்தும்? பிரேக்குதான நிறுத்தணும்?" நான் ஸ்கோன் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

முடிவு இ: ஃபாதர் எடுத்துச் சொல்கிறார். ரோசக்கா கேட்டுக்கொள்வார். ஆனால் அதற்குப் பிறகு கோயிலில் நிமிர்ந்து உட்கார மாட்டார். கிழித்துவிட்டேன்.

முடிவு ஈ: நான் கதையாக எழுதிவிடுவது. ஆளை மாற்றி, ஊரை மாற்றி, தன் கதை என்று தெரியாமலே அவருக்கு விஷயம் தெரிந்துவிடுகிற மாதிரி. சைக்கிளை மோட்டராக்கினேன், எண்ணெயை எலுமிச்சம்பழமாக்கினேன். எழுதி முடித்துப் பார்த்தால் விபத்தே நடக்கவில்லை. எலுமிச்சம்பழத்தில் எந்தப் பிரேக்கும் வழுக்காது. பழத்தை எடுத்துவிட்டு எண்ணெயைப் போட்டேன். மோட்டரை எடுத்துவிட்டுச் சைக்கிளைப் போட்டேன். கடைசியில் மாற்றியதில் மிஞ்சியது அம்மாவின் பெயர் மட்டும்தான். அந்தப் பிரதியில் அவள் பெயர் செல்லம்.

இதுவரை நீங்கள் படித்ததில் பெரும்பகுதி அந்தப் பிரதிதான். வெள்ளிக்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். இனி வருவது அதற்குப் பிறகு எழுதியது.

7

ரோசக்கா மாவைத் தட்டிப் பரப்பி, வட்ட அச்சால் வெட்டிக்கொண்டிருந்தார். நான் முக்காலியில் உட்கார்ந்து படித்தேன். பெயிண்டு அடிக்காத சைக்கிள் வந்த இடத்தில் சிரித்தார். "யாருடி அந்த செல்லம்? என்னாட்டமே பேசறா." ஊசி போடுகிற இடத்திலும் சிரித்தார். எண்ணெய்க் குப்பி வந்ததும் சிரிப்பு நின்றது. அச்சு மட்டும் வெட்டிக்கொண்டே இருந்தது. அமல்தாஸ் வருகிற பத்தியை நான் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். அந்தப் பக்கத்தைப் புரட்டினேன்.

"படி" என்றார்.

படித்தேன். தேங்காயெண்ணெய் வாசனை வரைக்கும் படித்தேன். எல்வின் 'அவங்க இருக்கற வரைக்கும்' என்று சொன்னது வரைக்கும் படித்தேன். அச்சு மாவின் நடுவில் நின்றுவிட்டது.

(நான் தயாராக வைத்திருந்தது அழுகைக்கு. "எம் புள்ளைய நானே" என்று தொடங்கும் ஒரு வசனம் கூட எழுதி வைத்திருந்தேன். அது வீணாய்ப் போனது. நல்லவேளை.)

"எதப் போட்டுத் தொடைக்கணும்னான்?" என்று கேட்டார்.

"ஸ்பிரிட்டு."

"தொடச்சா போயிருமா?"

"தட்டு சுத்தமாயிடும்க்கா. பேடு மட்டும் போவாது. அது புதுசு மாத்திட்டான்."

"நாந்தான்னு அவனுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கிட்டா நா பூசை சொல்றப்ப பேசாம நின்னான்? பாவிப் பய." முன்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கன்னமெல்லாம் மாவு. "எப்பேர்ப்பட்ட புள்ளடி எனக்கு!"

நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப எண்ணெ பூசுனா பிரேக்கு புடிக்கும்னு ஒன்னும் இல்ல."

"இல்லக்கா."

"பூசலன்னா புடிக்காதுன்னும் இல்ல."

நாலு முடிவு எழுதினேனே, அதில் ஒன்றில்கூட இந்த வாசல் எனக்குத் தெரியவில்லை.

"அவரு லோரி," என்றார் ரோசக்கா. "அன்னிக்கு நா பூசாம வுட்டது..."

"அதுக்கும் லோரி பிரேக்குக்கும் சம்பந்தமே இல்லக்கா. நீங்க பூசியிருந்தாலும் அது போயிருக்கும். உங்களால இல்ல."

அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். நான் அதுவரை பார்த்திராத அழுகை. வலியில் அழுகிற மாதிரி இல்லை. நெடுந்தூரம் மூட்டை தூக்கி வந்தவர் அதை இறக்கி வைத்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற மாதிரி. வெளியே ஒரு சுற்றுலா வேன் வந்து நின்றது. கல்லாவில் யாரோ மணியை அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தார்.

"கத நல்லாருக்கு. ஒரே ஒரு தப்பு."

பெரிய வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்து எனக்குப் பக்கென்றது.

"அது என்னா செல்லம்? எண்ணெ பூசுனது நானு. பெத்தது நானு. எவளோ ஒரு செல்லத்துக்கு எதுக்கு எம் புள்ளையத் தூக்கிக் குடுக்கறே? ரோஸ்மேரின்னே போடு."

போட்டுவிட்டேன் அக்கா.

8

ஞாயிற்றுக்கிழமை நன்றிப் பூசைக்கு நானும் போனேன். சேலை கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஃபாதர் பூசைக் கருத்துகளை, யார் யாருக்காக இந்தப் பூசை என்பதை, வாசித்தார். எல்வினைக் காத்ததற்கு நன்றி. அதற்கு அடுத்து ஒரு பெயர்: அமல்தாஸ். ஒவ்வொரு வருடமும் அந்தப் பெயரை இறந்தவர்களுக்கான பூசையில் மட்டும்தான் ரோசக்கா கொடுப்பார். இந்த முறை நன்றியோடு சேர்த்துக் கொடுத்திருந்தார். எல்வின் திரும்பி அம்மாவைப் பார்த்தான். அவர் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது தலைகீழாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எல்வின் சைக்கிளை வெளியே எடுத்தான். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவனுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள், படித்துக் காட்டிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது! ரோசக்கா குப்பியோடு வந்தார். எல்வின், அம்மா பூசட்டும் என்று, பிரேக் தட்டு தெரிகிற மாதிரி சைக்கிளைத் திருப்பிக் காட்டினான். தோள்பைக்குள் அவன் இன்னொரு ஜோடி புது பேடு வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

ரோசக்கா குப்பியைத் திறந்தார். அடுத்த வரியை நான் எழுத மாட்டேன். எழுதத் தெரியாமல் இல்லை. இவ்வளவு தூரம் கூட வந்த உங்களுக்கு ஒரு வாக்கியமாவது தர வேண்டும் என்று ஆசை. இந்தாருங்கள், நடுவில் இடம் விட்டிருக்கிறேன்:

ரோசக்கா விரலில் எண்ணெயைத் தொட்டு ......................................... பூசினார்.

எல்வின் கொஞ்ச நேரம் ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். "ம்மா" என்றான். "போய்ட்டு வாடா, நேரமாவுது" என்றார் ரோசக்கா. அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். பைக்குள் இருந்த புது பேடு பைக்குள்ளேயே இருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் என் வீட்டு வாசல் வரை இறங்கிவந்து நின்றோம். அவன் எங்களைக் கடந்து இறங்கினான். தண்ணித்தொட்டி வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிப்பது தெரிந்தது. விரல்தான் தெரிந்தது, சத்தம் இல்லை. வளைவில் மறைந்தான்.

"கேக்குதா?" என்றார் ரோசக்கா.

"இல்லக்கா."

"நல்லா கேளுடி."

காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தேயிலைப் பக்கம் காற்று. தூரத்தில் எங்கோ ஒரு லோரி. வேறு ஒன்றும் இல்லை. ரோசக்கா என் கையைப் பிடித்திருந்தார். அவர் விரலில் இன்னும் எண்ணெய் இருந்தது.